ஜிம் டிரெஸ்ஸிங் ரூமில் செல்ஃபி... சிறைக்குப் போக வாய்ப்பிருக்கா?

அடையாறு, தி.நகர், மயிலாப்பூர்னு எங்க பார்த்தாலும் ஜிம். காலையில் ஒர்க் அவுட் முடித்து, அங்கேயே குளித்து ஆபீஸ் கிளம்புபவர்கள் ஏராளம். சிக்கல் லாக்கர் ரூமில்தான். கண்ணாடி முன் ஒருவர் 'ஆர்ம்ஸ்' காட்டி செல்ஃபி எடுக்கிறார். பின்னால் உடை மாற்றுபவரும் படத்தில் விழுகிறார். அது இன்ஸ்டா ஸ்டோரியாகப் போனால்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு இங்கே வரும். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை, உள்ளாடையோடு இருந்தாலும், சம்மதமின்றி தெரிந்தே படம் எடுப்பது, அனுப்புவது, வெளியிடுவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தாலும் இதே சட்டம்தான். 'ஆம்பளைங்க ரூம்தானே' என்ற சமாளிப்பு எடுபடாது.

பெண்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவுப்படி, பெண் உடை மாற்றுவதை மறைந்திருந்து பார்ப்பதே குற்றம். முதல்முறை 1 முதல் 3 ஆண்டு, மறுபடி செய்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை.

மற்றபடி, துண்டைக் கட்டிக்கொண்டு உடை மாற்றுவது நமக்குப் புதுசா என்ன? கோயில் குளத்தில் பழகியதுதான். கூச்சமாக இருந்தால் பாத்ரூமுக்குள் மாற்றலாம். வீடியோ கால் வந்தால் வெளியே போய்ப் பேசுங்க.

உங்கள் படம் பரவினால், பதற்றத்தில் உடனே டெலீட் செய்யச் சொல்லாதீங்க. முதலில் லிங்க், ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் சேமித்துவிட்டு, காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுக்கலாம்.