நோயில்லாதவருக்கு மருந்து எதற்கு?

வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும், குடும்பத்தார் அனைவரையும் மருத்துவமனையில் சோதனைக்கு அழைப்பார்கள். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஓடி விளையாடும் பேரப்பிள்ளைக்கும், ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடாத மருமகளுக்கும், "உங்களுக்கு நோய் இல்லை, ஆனாலும் சில மாதங்கள் மாத்திரை சாப்பிடுங்கள்" என்று சொல்லும்போதுதான் வீட்டில் பேச்சு எழுகிறது. நோயே இல்லையாம், மருந்து மட்டும் உண்டாம்! இதற்கு விளக்கம் கேட்பது நியாயமே.

காசநோய்க் கிருமி இருமலின் வழியே காற்றில் கலந்து பிறர் நெஞ்சுக்குள் புகுகிறது. புகுந்தவுடன் எல்லாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. உடலின் காவல் அணுக்கள் அதைச் சூழ்ந்து கட்டிப்போட்டுவிடுகின்றன. ஆனாலும் கிருமி சாவதில்லை, அடங்கிக் கிடக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இக்கிருமி தொற்றியிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் என்றாவது அது நோயாக மூள்கிறது.

யாருக்கு மூளும்? கிருமி புகுந்த முதல் இரண்டு ஆண்டுகளில் ஆபத்து மிகுதி. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது இன்னும் கூடுதல், மூளையின் உறையைக்கூடத் தாக்கிவிடும். இனிப்பு நீர் உள்ளவர், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் ஆகியோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்களே. தாத்தாவின் பக்கத்தில் படுத்துறங்கிய பேரனை மருத்துவர் முதலில் தேடுவது இதனால்தான்.

ஐசோனியாசிட் என்னும் மருந்து 1952இல் பயனுக்கு வந்தது. 1957இல் அலாஸ்காவின் பெத்தல் வட்டாரக் கிராமங்களில், டாக்டர் ஜார்ஜ் காம்ஸ்டாக் என்பவர் வீடு வீடாக அதைக் கொடுத்துச் சோதித்தார். அதை உண்டவர்களிடையே புதிதாக நோய் மூள்வது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. தாமும் தம் குடும்பத்தாரும் அதே மாத்திரையை உட்கொண்டார் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சரி, ஏன் இத்தனை மாதங்கள்? லாலாங் புல்லை வெட்டினால் மண்ணுக்குள் கிடக்கும் தண்டு அடுத்த மழைக்குத் தளிர்க்கும். தோட்டத்தில் மருந்தடித்தவர்களுக்குத் தெரியும், பச்சையாகத் தளிர்விட்டு நிற்கும்போது அடித்தால்தான் மருந்து அடிவரை இறங்கும். ஐசோனியாசிடும் அப்படியே. கிருமி வளரத் தொடங்கித் தன் மேலுறையைக் கட்டும்போதுதான் அது குறுக்கே நின்று கொல்கிறது. உறங்கும் கிருமிகள் எல்லாம் ஒரே நாளில் விழிப்பதில்லையே! ஆகவே 6 மாதம், சிலருக்கு 9 மாதம். ரிஃபாம்பிசின் மந்தமாகக் கிடக்கும் கிருமியையும் தாக்க வல்லது, அதனால் 4 மாதம் போதும். ஐசோனியாசிடையும் ரிஃபாபென்டினையும் சேர்த்து வாரம் ஒருமுறை, மொத்தம் 12 தடவை மட்டும் உண்ணும் முறை 2011இல் வெளியான ஆய்வில் உறுதிப்பட்டது. எது யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். மாத்திரை தொடங்கும் முன் நோய் இல்லை என்பது உறுதியாக வேண்டும். எக்ஸ்ரே, தேவையானால் சளிச் சோதனை, இவற்றைத் தட்டிக் கழிக்கக்கூடாது. அடங்கிய நிலையில் கிருமிகள் கொஞ்சம். நோய் மூண்டுவிட்டாலோ கோடிக்கணக்கில். அங்கே ஒற்றை மருந்தைக் கொடுத்தால் எளிதில் சாகும் கிருமிகள் செத்து, அந்த மருந்துக்கு அடங்காதவை பெருகிவிடும். பிறகு அந்த மருந்தே பயன்படாது. தாத்தாவின் மாத்திரையில் பாதியை உடைத்துப் பேரனுக்குக் கொடுப்பதும் கூடாது. தாத்தாவின் கிருமி வழக்கமான மருந்துக்கு அடங்காத வகை என்றால், பேரனுக்குரிய மருந்தும் வேறாகும்.

கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் வரச் சொன்னால் தவறாமல் போக வேண்டும், வீக்கத்தை அளந்து பார்த்தால்தான் பலன் தெரியும். பி.சி.ஜி. போட்டவர்களுக்கு இச்சோதனை சில வேளை தவறாகக் காட்டும், அப்போது இரத்தச் சோதனை உதவும்.

இம்மருந்துகள் ஈரலைத் தாக்கக்கூடும். கள்ளு, சம்சு அருந்துவோருக்கு அபாயம் அதிகம். பசி மந்தம், ஓயாத குமட்டல், கண்ணில் மஞ்சள், தேநீர் நிறத்தில் சிறுநீர், இவை கண்டால் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஐசோனியாசிடால் கை கால் மதமதத்தால் பி6 வைட்டமின் தருவார்கள். ரிஃபாம்பிசின் உண்போரின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறமே. ஆனால் கருத்தடை மாத்திரையின் வலுவை அது குறைத்துவிடும். கூச்சப்படாமல் தாதியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மருந்தை முடித்தவருக்கும் பின்னாளில் வேறொருவரிடமிருந்து கிருமி புதிதாகப் புகலாம். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால், "நாம்தான் மாத்திரை சாப்பிட்டுவிட்டோமே" என்றிராமல் சளியைச் சோதிக்கக் கொடுங்கள்.