படகே பாதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

“நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது” என்னும் செய்தியை நாம் நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம். நம்மில் பலருக்கு அத்தீவின் பெயர் அறிமுகமானதே இச்செய்தியால்தான். ஆனால் அங்கே நம்மைப் போலத் தமிழ் பேசும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் பள்ளி, மருத்துவமனை, சந்தை என்று போக்குவரத்து உண்டு என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அவர்கள் எப்படிப் போகிறார்கள், வருகிறார்கள் என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஏழு தீவுகள்

இலங்கையின் வடமுனையில் உள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே வேலணை, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய தீவுகள் உள்ளன. இவற்றைச் சப்த தீவுகள் என்பர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இவற்றுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவுக்கு ‘டெல்ஃப்ட்’ என்று அவர்கள் இட்ட பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

இவ்வேழையும் இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குத் தாம்போதி உண்டு. ஆழமற்ற கடலைத் தூர்த்து அமைத்த சாலையை அங்கே தாம்போதி என்கிறார்கள். அதன்மேல் பேருந்தே போகும். மற்ற நான்கு தீவுகளுக்கும் படகைத் தவிர வேறு வழியில்லை. அவற்றுள் பெரியதும் தொலைவில் இருப்பதும் நெடுந்தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளும், கட்டின்றித் திரியும் குதிரைகளும் அத்தீவின் அடையாளங்கள்.

நெடுந்தீவுக்காரர் ஒருவர் யாழ்ப்பாண நகருக்குப் போகவேண்டுமானால் முதலில் படகேறிப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையை அடையவேண்டும். இதற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பிறகு பேருந்தில் புங்குடுதீவையும் வேலணையையும் கடக்கவேண்டும். மாலைப் படகைத் தவறவிட்டால் அன்று வீடு திரும்ப முடியாது. அரிசியும் மருந்தும் கடிதமும் படகில்தான் வருகின்றன. தீவில் பணிபுரிய வெளியூரிலிருந்து வரும் ஆசிரியரும் அலுவலரும் அதில்தான் வருகிறார்கள்.

பெரிய கப்பல் விட்டால் என்ன?

இந்த ஐயம் எனக்கும் எழுந்தது. விடை நாம் படித்த பாடத்திலேயே இருக்கிறது. பாக்கு நீரிணைப் பகுதி ஆழமற்ற கடல். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. எனவே கப்பல் பெரிதாகப் பெரிதாக அது பெரும்பாலும் நீருக்குள் ஆழமாக அமிழும். ஆழமற்ற இறங்குதுறையில் அது தரைதட்டும். மேலும், சில ஆயிரம் மக்கள் மட்டுமே உள்ள தீவுக்குப் பெரிய கப்பல் விட்டால் எரிபொருள் செலவுக்கே கட்டணம் போதாது. ஆகவே சிறு படகுதான் பொருத்தம்.

ஆனால் சிறு படகுக்குக் காற்று பகை. குறுகிய, ஆழமற்ற கடலில் காற்று எழுப்பும் அலைகள் நீளம் குறைந்தும் செங்குத்தாகவும் இருக்கும். அலையின் நீளம் படகின் நீளத்தை ஒத்து வரும்போது படகு முன்னும் பின்னும் கடுமையாக ஆடும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களிலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் சில நாட்கள் படகை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. மறுநாள் படகு வரும்போது இரண்டு நாள் கூட்டம் துறையில் காத்து நிற்கும். அத்தனை பேரையும் ஏற்றினால் படகின் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கும். மேல்தட்டிலும் ஆட்கள் நின்றால் புவியீர்ப்பு மையம் உயர்ந்து படகு கவிழும் அபாயம் கூடும். போகாத படகால் ஒரு துன்பம் என்றால், அளவுக்கு மீறி ஏற்றிய படகால் இன்னொரு துன்பம்.

குமுதினி

நெடுந்தீவு மக்கள் ‘குமுதினி’ என்னும் படகின் பெயரை மறக்கமாட்டார்கள். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அப்படகை நடுக்கடலில் மறித்து, பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பேர் மாண்டனர். தாக்கியவர்கள் கடற்படையினரே என்று உயிர் தப்பியவர்கள் கூறினார்கள். சாலையில் ஆபத்து என்றால் வயல்வழியே ஓடலாம்; படகில் இருப்பவர் எங்கே ஓடுவார்?

அதன் பின்னும் அதே குமுதினி பழுது பார்க்கப்பட்டு மீண்டும் மக்களை ஏற்றிச் சென்றது. உறவினரைப் பறிகொடுத்தவர்களும் அதில்தான் ஏறவேண்டியிருந்தது. வேறு பாதை இல்லை என்பதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது. போர் 2009இல் முடிந்தபின், நெடுந்தீவு நோயாளிகளை அவசர வேளையில் கடற்படைப் படகுகளே கரை சேர்த்த செய்திகளும் வந்துள்ளன. 2017இல் ஆஸ்திரேலிய அரசின் உதவியுடன் ‘நெடுந்தாரகை’ என்னும் பயணிகள் படகும் வந்தது.

வாகனமா, சாலையா?

குமுதினியை இயக்கும் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருந்தது. சாலை போடும் துறை படகு விடுவதா என்று முதலில் வியந்தேன். எண்ணிப் பார்த்தால் அதுவே முறை. படகை வாகனம் என்று கருதினால் இலாப நட்டக் கணக்குப் பார்க்கத் தோன்றும். சாலை என்று கருதினால் அக்கணக்கு எழாது. நம் ஊர்ச் சாலை இவ்வாண்டு எவ்வளவு சம்பாதித்தது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா?

ஸ்காட்லாந்தில் 2008 முதல் தீவுப் படகுகளுக்கு, அதே தொலைவைச் சாலைவழி கடக்க ஆகும் செலவை ஒட்டிக் கட்டணம் விதிக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அந்நாட்டின் செயின்ட் கில்டா தீவோ, ஒழுங்கான கப்பல் போக்குவரத்தின்றித் தனித்துக் கிடந்து மெலிந்தது. கடைசியில் எஞ்சிய 36 பேரும் தாமே வேண்டிக்கொண்டு 1930 ஆகஸ்ட் 29ஆம் நாள் தீவைக் காலிசெய்து கப்பலேறினார்கள். பாதை அற்ற ஊர் நாளடைவில் ஊராகவே இராது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் ஊருக்கு நாளொன்றுக்கு இருமுறைதான் பேருந்து வரும். முதலாண்டுச் செய்முறைத் தேர்வன்று காலைப் பேருந்து வரவில்லை. பெரிய சாலை வரை ஆறு கிலோமீட்டர் நடந்தும் ஓடியும், அரை மணி தாமதமாக ஆய்வகத்துள் நுழைந்தேன். பேராசிரியர் என் புழுதிக் கால்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேளாமல் அனுமதித்தார். அன்று எனக்கு நடக்க நிலம் இருந்தது. என் வயதுள்ள நெடுந்தீவு மாணவனுக்கு, படகு வராத நாளில் எதிரே இருப்பது கடல்.

அடுத்த முறை நாளிதழில் நெடுந்தீவு என்ற பெயரைக் காணும்போது, நண்பர்களே, துறையில் புத்தகப் பையோடு காற்று தணியக் காத்து நிற்கும் அந்த மாணவனையும் நினைத்துக்கொள்வோம்.