முதல் ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

புராஸ்டேட் புற்றுநோய் வளர்வதற்குத் தீனி போடுவது டெஸ்டோஸ்டிரான் என்ற ஆண் ஹார்மோன். அதை அடக்கினால் நோயும் அடங்கும் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். 1966-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அன்று விரைகளை அகற்றினார்கள். இன்று லியூப்ரோலைட், கோசெரலின் போன்ற ஊசிகளே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால், இந்த ஹார்மோன் எலும்பு, தசை, ரத்தம், மனநிலை எல்லாவற்றுக்கும் வேண்டியது. அது வற்றும்போது உடல் திடீரெனச் சுட்டு வியர்க்கிறது, பாலுறவில் நாட்டம் குறைகிறது, சோர்வு வருகிறது, தசை கரைந்து கொழுப்பு சேர்கிறது. பக்கவிளைவு என்று நாம் சொன்னாலும், இவை ஹார்மோன் குறைவின் நேர்விளைவுகள். வருமென்று முன்பே தெரிவதால், முன்பே தயாராகவும் முடியும்.

இவற்றில் கண்ணுக்குத் தெரியாதவைதான் அதிகம் கவனிக்கப்பட வேண்டியவை. அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது வாழ்ந்தவர்களில், ஹார்மோனை அடக்கும் சிகிச்சை பெற்ற 19.4 சதவீதத்தினருக்கு எலும்பு முறிந்திருந்தது. முதுமையில் எலும்பு முறிவது இயல்புதானே என்று கேட்கலாம். அதே நோய் இருந்தும் இந்தச் சிகிச்சை பெறாதவர்களில் அந்த அளவு 12.6 சதவீதமே. சர்க்கரை நோய், இதய நோய் அபாயமும் கூடக்கூடும் என்பதால், இந்த ஊசிகளின் குறிப்புத்தாளில் எச்சரிக்கை சேர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் கேட்டுக்கொண்டது.

உயிரே பெரிது, மற்றவை பிறகு என்பது வலுவான வாதம். அதற்கு ஆதாரமும் உண்டு. நோய் சுற்றுப்பகுதிக்குப் பரவியவர்களிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், கதிர்வீச்சுடன் கோசெரலினும் சேர்த்தபோது ஐந்தாண்டு உயிர்வாழ்வு 62 சதவீதத்திலிருந்து 79 ஆனது. ஆனால் உயிரையும் எலும்பையும் சேர்த்தே காக்கலாம். இந்தச் சிகிச்சையோடு, எலும்பைக் காக்கும் டெனோசுமாப் ஊசியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டவர்களில் மூன்றாண்டுகளில் புதிதாக முதுகெலும்பு முறிவு ஏற்பட்டவர்கள் 1.5 சதவீதம், போடாதவர்களில் 3.9. எடை தூக்கும் பயிற்சி தசைக்கும் சோர்வுக்கும் உதவுகிறது. எல்லாவற்றையும் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார் என்பது இன்னொரு வாதம். சொல்லாவிட்டால், நள்ளிரவு வியர்வையை நோய் முற்றியதன் அறிகுறி என்றெண்ணி அவர் தனியே பயப்படுவார்.

எனவே முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: எத்தனை மாதம் போட வேண்டும்? எலும்பின் அடர்த்தி, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்தாயிற்றா? இதயக் கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தொல்லை தாங்கவில்லை என்று ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.