நாயாற்றுக்கு ஒரு கூதிர்ச் செலவு

மேனாட்டார் இலையுதிர்காலத்தில் மலைவழியே துவிச்சக்கரவண்டி ஊர்ந்து நெடுந்தூரம் சென்று இன்புறுவர். அக்காலத்தோடு ஏறக்குறைய ஒத்துவரும் ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்க்காலம். தொல்காப்பியர் கூதிரை மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரிமையாக்கினார். வன்னிப் பெருநிலத்திலோ ஓங்கிய மலைகள் இல்லை. காட்டினுள் எழும் குருந்தூர்மலை போன்ற சிறு குன்றுகளே உள. ஆயினும், முள்ளியவளையிற் புறப்பட்டு, குமுழமுனை, அளம்பில், செம்மலை வழியாக நாயாறு சென்று மீள்வோர் ஏனைய திணைகளை ஒரு பகலிலே கண்டுவிடலாம்.

விடியற்பொழுது மருதத்துக்கு உரியது. அவ்வேளையிற் புறப்படுவோரைக் காலபோக நெல்லின் இளம்பயிர் இருமருங்கும் வரவேற்கும். வயல் கடந்தாற் காடு. பாலையும் வீரையும் மழையில் நனைந்து நிற்கும். அளம்பிலை அடைந்ததும் உப்புக்காற்று முகத்திற் படும். தெற்கு நோக்கிச் செல்லும்போது முதுகில் உந்தித் துணைசெய்யும் வாடை, மீளும்போது மார்பில் மோதித் தடுக்கும். ஆதலால் வலிமையிற் பாதிக்குமேல் திரும்புவதற்கென்று சேமித்து வைத்தல் வேண்டும். மணற்றடத்தில் ரயரின் காற்றைச் சிறிது குறைத்தால் உருளை புதையாது.

முல்லைத்தீவு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் உள்ளது நாயாறு. கூதிர் மழையின் வெள்ளம் கடனீரேரியில் நிறைந்து, முகத்துவாரத்து மணற்றடையை உடைத்துக் கடலோடு கலக்கும். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அவ்விடமே இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் வளர்ப்பிடம். கண்டல் மரங்களின் வேர்கள் அவற்றுக்கு அரண். 2017 இல் இந்நீர்நிலை இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. எற்பாட்டு வெயில் நீரிற் சாயும்போது, நெய்தலுக்கு அப்பொழுதை வகுத்த புலவனின் நுண்மை நமக்குப் புலனாகும்.

இவ்வழி இயற்கைக் காட்சி மட்டும் உடையதன்று. 1984 டிசெம்பரில் நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் முதலிய ஊர்மக்கள் தம் இல்லங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். 2004 இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. 2009 இல் போர் ஓய்ந்த பின்னரே குடிகள் மீளத் தொடங்கினர். ஒரு தலைமுறை தன் ஊரைக் காணாமலே வளர்ந்துவிட்டது.

துவிச்சக்கரவண்டியும் அத்துயரத்திற் பங்குகொண்டது. 1990 களில் எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, வன்னியில் நெல்மூடையும் விறகும் நோயாளியும் அதன் கரியரிலேயே சென்றனர். அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோர் பலர். முள்ளிவாய்க்கால் மணலில் இறுதியாகக் கைவிடப்பட்ட பொருள்களுள்ளும் அவ்வண்டிகள் குவிந்து கிடந்தன. மேனாட்டாருக்கு ஓய்வுப் பொழுதின் ஊர்தி. நமக்கோ உயிர் தாங்கிய ஊர்தி.

இன்று இளைஞர் மோட்டார்ச் சைக்கிளில் இவ்வழியை அரைமணி நேரத்திற் கடந்துவிடுகின்றனர். விரைவு வேண்டுவதே, ஆயின் விரைந்து செல்வோன் எவரையும் வினவுவதில்லை. இடம்பெயர்ந்த குடிகளிடம் உறுதியும் வரைபடமும் தொலைந்திருக்கலாம். வயலின் பெயர், துரவின் பெயர், பழைய வண்டிப்பாதையின் பெயர் என்பன முதியோர் நாவில் மட்டும் எஞ்சியுள்ளன. அவர்கள் மறையின் அப்பெயர்களும் மறையும். பெயர் மறந்த நிலத்தை நமதென்று நிறுவுதல் எளிதோ?

மிதித்துச் செல்வோனுக்கு இளைப்பாற நிழல் வேண்டும். குடிக்க நீர் வேண்டும். ஆகவே ஒரு படலையில் நின்றே ஆகவேண்டும். அங்கே பேச்சுப் பிறக்கும். ஆசிரியர்கள் மழை ஓய்ந்த நாள் ஒன்றைத் தெரிந்து, மாணவர் பதின்மரைக் குறிப்பேட்டுடன் இவ்வழியே அழைத்துச் செல்வாராக. கேட்ட பெயர்களை ஊர்வாரியாக எழுதிப் பள்ளி நூலகத்தில் வைப்பாராக. திணையிலக்கணத்தை நெட்டுருச் செய்வதிலும் பயனுள்ள பாடம் அது.