பதினொரு மீட்டர்

2021ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் இரவு. லண்டன் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம். இங்கிலாந்தும் இத்தாலியும் 1-1 எனச் சமநிலை கண்டதால், பெனால்டி உதைகள்தாம் வெற்றியாளரைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஐந்தாவது உதையை எடுக்க நடந்து வந்த புக்காயோ சாக்காவுக்கு வயது 19. பந்து கோலுக்குள் புகுந்தால் போட்டி நீடிக்கும்; இல்லாவிட்டால் கிண்ணம் இத்தாலிக்கு.

சாக்கா 2001இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து குடியேறியவர்கள். சிறு வயதிலேயே அர்செனல் குழுவின் இளையர் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். இத்தகைய கழகங்களில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பையும் பயிற்சியையும் சேர்த்தே சமாளிக்க வேண்டும். வயது ஏற ஏறப் பலர் விலக்கப்படுவார்கள். முதன்மைக் குழுவை எட்டுவோர் மிகச் சிலரே. சாக்கா 17 வயதில் எட்டினார். முன்வரிசையில் ஆடிப் பழகிய அவரை, தற்காப்பு ஆட்டக்காரர்கள் காயமுற்றிருந்த வேளையில் இடப்பக்கத் தற்காப்பில் நிறுத்தினார்கள். முணுமுணுக்காமல் ஆடினார், அதனாலேயே குழுவில் அவரது இடம் உறுதியானது எனலாம்.

பெனால்டி உதை பார்ப்பதற்கு எளிது. கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் அகலம். பந்து இருப்பதோ ஏறத்தாழ 11 மீட்டர் தொலைவில். ஆனால், ஒரு நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது, நடுத்திடலிலிருந்து அந்தப் பந்தை நோக்கித் தனியாக நடப்பது எளிதன்று. அதற்குமுன் தொழில்முறை ஆட்டம் எதிலும் சாக்கா பெனால்டி உதை எடுத்ததில்லை. அவர் உதைத்த பந்தைக் கோல்காவலர் டோனாரும்மா பாய்ந்து தடுத்தார்.

உதைப்பவர்களைத் தேர்ந்தெடுத்தவர் தாமே என்றும் பொறுப்பு தம்முடையதே என்றும் பயிற்றுநர் கேரத் சவுத்கேட் அறிவித்தார். 1996இல் இதே வெம்பிளியில், ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்டவர் அவர். சாக்காவின் மனநிலை அவருக்குப் புரியாதா என்ன?

அன்றிரவே சமூக ஊடகங்களில் இனவெறிப் பதிவுகள் குவிந்தன. சாக்காவும், உதையைத் தவறவிட்ட மற்ற இருவரும் கறுப்பின ஆட்டக்காரர்கள். இங்கிலாந்து கோலடித்திருந்தால் இவர்களே நாட்டின் செல்லப்பிள்ளைகள்! ஆனால், வேறொன்றும் நடந்தது. ஆறுதல் கடிதங்கள் வந்து குவிந்தன. சாக்கா பயிற்சிக்குத் திரும்பியபோது, அர்செனல் நிலையத்தின் சுவர் ஒன்று முழுவதும் அக்கடிதங்கள் ஒட்டப்பட்டிருந்தன. சில வாரங்களில் அர்செனலின் பரம எதிரியான டொட்டன்ஹாமின் அரங்கில் அவர் களமிறங்கியபோது, அக்குழுவின் ரசிகர்களே கைதட்டி வரவேற்றார்கள்.

இனி பெனால்டியே வேண்டாம் என்று சாக்கா ஒதுங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயினும், 2022 ஏப்ரலில் செல்சிக்கு எதிராக ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பெனால்டி கிடைத்தபோது, அவரே பந்தை எடுத்து வைத்துக் கோலாக்கினார்.

2024 ஜூலை 6ஆம் நாள், மீண்டும் ஐரோப்பியக் கிண்ணம். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் சுவிட்சர்லாந்துடன் காலிறுதி. இங்கிலாந்து பின்தங்கியிருந்தபோது 80ஆவது நிமிடத்தில் சாக்கா கோலடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். மறுபடியும் பெனால்டி உதைகள். மூன்றாவதாக நடந்து வந்தார் சாக்கா. பந்து வலைக்குள் புகுந்தது. இங்கிலாந்து 5-3 என வென்றது. எட்டு நாள்களுக்குப் பின் இறுதியாட்டத்தில் ஸ்பெயினிடம் தோற்றதால், அந்தக் கிண்ணம் மட்டும் அப்போதும் கைக்கு எட்டவில்லை.