தீர்ப்பும் தண்ணீரும்

திருவாரூரில் தியாகராஜர் ஆலயத்துக்கு அருகே ஒரு கல்தேர் இருக்கிறது. கன்றை இழந்த பசுவுக்கு நியாயம் வழங்கத் தன் மகன்மீதே தேரைச் செலுத்திய மனுநீதிச் சோழனை அது நினைவூட்டுகிறது. பெரிய புராணத்தில் இக்கதையைப் படித்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். அரசன் அந்தக் காரியத்தை முதலில் மந்திரியிடந்தான் ஒப்புவித்தான். மந்திரி அதைச் செய்ய மனமின்றித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகு அரசன் தானே தேரில் ஏறினான். தீர்ப்பளித்தவனும் அவனே, நிறைவேற்றியவனும் அவனே.

இக்காலத்து நீதிபதி அப்படித் தேரில் ஏற முடியாது. அவர் தீர்ப்பு எழுதலாம். அதை நடத்திவைப்பது சர்க்காரின் கை. அந்தக் கை தாமதித்தால் என்ன நேரும் என்பதைக் காவிரியின் கடைமடையில் வாழும் நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஐக்கிய அமெரிக்காவிலும் இப்பிரிவினை உண்டு. சட்டம் செய்வது காங்கிரஸ் என்னும் அந்நாட்டுச் சட்டசபை. ஆட்சி நடத்துபவர் ஜனாதிபதி. நியாயம் வழங்குபவை கோர்ட்டுகள். நம் ஜனாதிபதி மந்திரிசபையின் யோசனைப்படி நடப்பவர். அவர்களுடைய ஜனாதிபதியோ தாமே ஆட்சித் தலைவர். இலாகாத் தலைவர்களான காரியதரிசிகளை அவரே பொறுக்கி எடுக்கிறார். செனட் சபை சம்மதிக்க வேண்டும்.

நதிச் சண்டைக்கும் அங்கே குறைவில்லை. கொலராடோ நதியில் பார்க்கர் அணை கட்டுவதைத் தடுப்பதற்காக 1934ல் அரிஸோனா கவர்னர் தம் ராஜ்யத்தின் காவற்படையையே அனுப்பிவிட்டார்! 1952ல் அரிஸோனா கலிபோர்னியாமீது வழக்குத் தொடுத்தது. ராஜ்யங்களுக்கிடையேயுள்ள வழக்கை நேராக விசாரிக்கும் அதிகாரம் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டுக்கு உண்டு. எனினும் தீர்ப்பு வர 1963 ஆயிற்று. 1928ல் காங்கிரஸ் செய்த சட்டமே கீழ்ப்பகுதி ராஜ்யங்களின் பங்கை வகுத்துவிட்டது என்றும், அதன்படி தண்ணீரை வழங்க உள்நாட்டு இலாகாக் காரியதரிசிக்கு அதிகாரம் உண்டு என்றும் கோர்ட்டு கூறியது. பிரதானமான ஹூவர் அணை மத்திய சர்க்காருடையது. ஆகவே, தீர்ப்பு வருமுன்பே மதகைத் திறக்கும் கை தயாராக இருந்தது.

காவிரியில் அந்தக் கையைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. நமது அரசியல் சட்டத்தின் 262வது ஷரத்து, நதித் தாவாக்களைக் கோர்ட்டுகளின் விசாரணையிலிருந்து விலக்கிவைக்கப் பார்லிமெண்டுக்கு இடம் தருகிறது. 1956ல் செய்த சட்டப்படி அவற்றைத் தனி நடுவர் மன்றமே தீர்க்க வேண்டும். மன்றத்தை அமைப்பதோ மத்திய சர்க்கார். அது அமையாதிருக்கவே, டெல்டாக் குடியானவர்களின் சங்கம் ஒன்று 1983ல் சுப்ரீம் கோர்ட்டை நாடியது. கோர்ட்டு 1990 மே மாதம் உத்தரவிட்டது. ஜூன் 2ந் தேதி மன்றம் அமைந்தது.

1991 ஜூனில் மன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்து, வருஷத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூருக்கு வரவேண்டும் என்றது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) அடுத்த மாதமே கர்நாடகம் அதற்கு மாறாக ஓர் அவசரச் சட்டம் செய்தது. ஜனாதிபதி சுப்ரீம் கோர்ட்டின் அபிப்பிராயத்தைக் கேட்டார். அச்சட்டம் செல்லாது என்று நவம்பரில் பதில் வந்தது.

இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5ல் வந்தது: தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. ஆனால் கெஜட்டில் வெளிவந்தாலன்றி அது கட்சிக்காரர்களைக் கட்டுப்படுத்தாது. கெஜட்டில் அச்சேற 2013 ஆயிற்று, ஆறு வருஷம்! 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு நம் பங்கை 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்து, பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. வரவேண்டும் என்றும், ஆறு வாரத்தில் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்தக் கெடுவும் கடந்தது. ஜூன் 1ந் தேதிதான் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் பிறந்தது. 1983ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சிறுவன், அதற்குள் தன் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் வயதை அடைந்துவிட்டான்.

மாண்டியாவின் குடியானவனும் மண்ணை நம்பிப் பிழைக்கும் நம் சகோதரனே. மழை பொய்த்த வருஷத்தில் அவனுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். 2023ல் சச்சரவு மீண்டும் எழுந்ததே இதற்குச் சாட்சி. இருவருக்கும் பொதுவான பாதுகாப்பு, தீர்ப்பைத் தயவு தாட்சண்யமின்றி, காலத்தில் நடத்தும் உத்தியோகஸ்தர்கள்தாம்.

தீர்ப்பு வந்த அன்று நாம் பட்டாசு கொளுத்துகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். குறுவை நாற்றங்காலோ கெஜட்டுக்காகக் காத்திராது. நீதிபதி என்ன சொன்னார் என்று கேட்பதோடு நில்லாமல், அதைச் செய்யவேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் செய்யவேண்டும் என்று விடாமல் கேட்பதும் பிரஜைகளின் கடமை. ஜூன் 12ல் மேட்டூர் திறக்கிறதா என்று பார்த்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் இந்தப் பாடத்தைக் கற்கட்டும்.