காட்டு நெல்லும் வீட்டு நெல்லும் கலக்கும் விதம்

களை பறிக்கும் பெண்கள் கோரையையும் புல்லையும் எளிதிற் பிடுங்கி எறிந்துவிடுவர். ஆனால் காட்டு நெல் என்னும் களை அவர்கள் கைக்கும் அகப்படாது நின்றுவிடுகின்றது. இலையும் தூரும் வளர்த்தியும் நெற்பயிரைப் போலவே இருத்தலின் அதனைக் கதிர் வரும்வரை அடையாளங் காண்பது அரிது. கதிர் வெளிவந்தபின் நீண்ட வாலும், கருத்த உமியும், தொட்ட மாத்திரத்தில் உதிரும் மணியும் அதனைக் காட்டிக்கொடுக்கும். அதற்குள் பாதி மணிகள் சேற்றில் விழுந்து மறுபோகத்திற்குக் காத்திருக்கும். கேரளத்தில் இதனை வரிநெல்லு என்பர்; பழைய மத்திய மாகாணத்தில் கர்கா என்றனர். நட்ட வயலினும் விதைத்த வயலில் இதன் தொல்லை அதிகம். இக்களை நெல்லின் வேடத்தைப் பூண்டது எங்ஙனம் என்று அறிவதற்கு, முதலில் பூ விதையாகும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

பூவிலுள்ள கேசரங்கள் ஆண் உறுப்பு. அவற்றின் நுனிப்பையில் மகரந்தத் தூள் இருக்கின்றது. நடுவிலுள்ள சூலகம் பெண் உறுப்பு. மகரந்தம் சூலகத்தின் முடியிற் பட்டு, முளைத்து, நுண்ணிய குழாயொன்றை உள்ளே செலுத்திச் சூலை அடைந்தாலன்றி விதை உண்டாகாது. பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். ஆயினும் பெரும்பாலான செடிகளில் இரண்டு உறுப்புக்களும் ஒரே பூவிலேயே உள்ளன. அப்பூ தன் மகரந்தத்தையே ஏற்பதும் உண்டு. காற்றோ தேனீயோ கொணரும் அயல் மகரந்தத்தை ஏற்பதும் உண்டு.

அங்ஙனமாயின் காட்டிலுள்ள செடிகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்து உருத்தெரியாமற் போகாவோ என்று சிலர் வினவலாம். அதற்குத் தடைகள் பல உள. ஒன்று காலையில் மலர்ந்தால் மற்றொன்று மாலையில் மலரும்; ஒன்றை நாடும் வண்டு மற்றொன்றை நாடாது. தப்பித்தவறிக் கலந்தாலும் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகும். 1760-ஆம் ஆண்டில் கோல்ராய்ட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் புகையிலையில் இருவேறு இனங்களைக் கலந்து செடி உண்டாக்கினார். அது செழித்து வளர்ந்தும் விதை கொடுக்கவில்லை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதையோடு அவர் அதனை ஒப்பிட்டார்.

நெருங்கிய உறவுடைய இனங்களுக்கு இந்தத் தடை இல்லை. வீட்டு நெல் காட்டு நெல்லிலிருந்தே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதராற் பிரித்தெடுக்கப்பட்டது. தாயும் மகளும் போன்றவை. இரண்டின் உயிரணுக்களிலும் குரோமோசோம் என்னும் மரபிழைகள் 24. ஆதலின் இவற்றின் கலப்பில் பிறப்பது மலடன்று. தாராளமாக விதை வைக்கும்.

எனினும் வீட்டு நெல் எளிதிற் கலப்பதில்லை. அதன் பூவில் ஆறு கேசரங்களும் இறகு போன்ற இரண்டு சூல்முடிகளும் உள. முற்பகலில் உமியிரண்டும் விரிந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். விரியும் தருணத்திலேயே பைகள் வெடித்துச் சொந்த மகரந்தம் முடியில் விழுந்துவிடும். காற்றிற் பறக்கும் நெல் மகரந்தமோ சில நிமிஷங்களுக்கு மேல் உயிரோடிராது. ஆகவே நூறு மணிகளில் ஒன்றுகூட அயல் கலப்பால் உண்டாவது அபூர்வம். காட்டு நெல்லின் பூ அத்தகையதன்று. அதன் சூல்முடி பெரிது. உமி மூடிய பின்னும் வெளியே நீட்டிக்கொண்டு அயல் மகரந்தத்தை எதிர்பார்த்து நிற்கும். பல்லாண்டு வாழும் காட்டு நெல்லில் நூற்றுக்குப் பத்துக்கும் மேலாகவே அயற்கலப்பு நேர்வதுண்டு. வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் காட்டு நெல், பக்கத்து வயலின் மகரந்தத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கின்றது.

முதற் தலைமுறையில் பிறக்கும் கலப்புச் செடியில் காட்டுக் குணமே மேலோங்கும்: மணி உதிரும், அரிசி சிவக்கும். அதன் விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறைகளில்தான் குணங்கள் பலவாறாகப் பிரியும். சில செடிகள் இலையிலும் உயரத்திலும் காட்டு நெல்லை ஒத்திருக்கும். அவற்றைக் களையெடுப்போர் பிடுங்கிவிடுவர். வேறு சில இலையில் வீட்டு நெல்லாகவும் மணியில் காட்டு நெல்லாகவும் இருக்கும், அவை தப்பிவிடும். தப்பியவையே விதை உதிர்ப்பன. ஆண்டுக்காண்டு இவ்வாறு நிகழ, களையெடுப்பவரின் கூரிய கண்ணே வேடதாரிகளைப் பொறுக்கி வளர்த்துவிடுகின்றது. இது அவர்களுடைய குற்றமன்று. கதிர் வராத பயிரில் இவ்வேறுபாட்டைக் காண்பது கற்றவர்க்கும் கடினமே.

இதற்கு மத்திய மாகாணத்திலேயே சான்று உண்டு. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சத்தீஸ்கர் வயல்களுக்கென இலை ஊதா நிறமான நெல் வகைகள் உருவாக்கப்பட்டன. ஊதாப் பயிருக்கு நடுவே பச்சையாக நிற்பதெல்லாம் களை. சிறுவனும் பிடுங்கலாம் என்பது கருத்து. யோசனை நல்லதே, முதலிற் பயனும் தந்தது. ஆனால் நாளடைவில் காட்டு நெல் ஊதாப் பயிரோடு கலந்து, தானும் ஊதா நிறத்தைப் பெற்றுவிட்டது. பச்சையாயிருந்தவை பிடுங்கப்பட்டு ஊதாவானவை பெருகின.

காட்டு நெல்லை முற்றும் பகையென்று கருதுவதும் தவறு. புகையான் பரப்பும் ஒரு நச்சு நோயினால் நெற்பயிர் புல்லைப்போற் கட்டையாகிக் கதிரின்றிப் போகும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைச் சோதித்தும், இந்நோயைத் தாங்கும் திறம் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த காட்டு நெல் ஒன்றில்தான் கிட்டியது. அதனைக் கலந்தே 1976-இல் ஐ.ஆர். 36 வெளியாயிற்று. காட்டிலே அது வேண்டும். விதைக் கோட்டையிலே அது வேண்டா.

சங்க அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது விதையே. சான்றளித்த நெல் விதையில் கிலோ ஒன்றுக்கு வேண்டாக் களை விதை ஐந்து வரை விதிகள் அனுமதிக்கின்றன. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்தால் அதுவே 100 மணியாகும். சான்றில்லாத விதையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. சங்கத்துக்கு வரும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து உமி நீக்கிப் பார்ப்பின், வெள்ளை நெல்லில் சிவப்பரிசி தென்படுவது காட்டு நெற் கலப்பை உணர்த்தும். அம்மூட்டையை உணவுக்குக் கொள்ளலாம், விதைக்கு ஆகாது. விதைப் பயிருக்கும் பக்கத்து வயலின் நெல்லுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி விடுவது விதி. வரப்போரக் காட்டு நெல்லைப் பூக்குமுன் அறுத்துவிடுதலும் அவசியம்.

நிலத்தில் விழுந்துவிட்ட மணி பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். ஆதலின் ஒரு போகத்து உழைப்பு போதாது. நடவுக்கு முன் நீர் பாய்ச்சி, முளைத்ததை உழுது மடக்கி, மீண்டும் நீர் பாய்ச்சி மடக்குதல் நல்லது. வரிசை நடவில் வரிசைக்கு வெளியே முளைத்ததைத் தயங்காமற் பிடுங்கலாம். ஒரு போகம் உளுந்தோ பயறோ இட்டால் காட்டு நெல்லுக்கு ஒளிய இடமிராது. அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு விடும் சங்கங்கள், ஒருவர் வயலை முடித்து அடுத்தவர் வயலில் இறக்குமுன் அதன் வாயிலும் தொட்டியிலும் தங்கிய மணிகளைத் துடைத்தெடுக்க ஆளொருவரை நியமித்தல் வேண்டும்.